கம்ப்யூட்டர்ல சத்தம் சரியா வரலையா? செட்டிங்ஸ், ட்ரைவர், யூஎஸ்பி அடாப்டர், ப்ளூடூத் – எது எந்தக் கோளாறுக்கு

ஹெட்போன்ல சத்தம் வரல, ஸ்பீக்கர் கரகரங்குது, ஒரு காதுல மட்டும்தான் கேக்குதுன்னு வாயத் திறந்தா போதும், ஆளுக்கொரு வைத்தியம் வரும். ஒருத்தர் ட்ரைவர அழிச்சுட்டு மறுபடி போடுன்னுவார், இன்னொருத்தர் விண்டோஸையே மறுபடி போடுன்னுவார், மூணாவது ஆள் இதெல்லாம் எதுக்கு, பேசாம ப்ளூடூத் வாங்கிடுன்னுவார். அவங்கவங்களுக்கு அது வேலை செஞ்சிருக்கும், அதனாலதான் அடிச்சு சொல்றாங்க. உங்களுக்கும் அதே கோளாறுதானான்னு மட்டும் யாரும் பாக்கறதில்ல.

சத்தம் எப்படி வருதுன்னு ஒரு தடவ மனசுல ஓட்டிப் பாத்துட்டா எதத் தேர்ந்தெடுக்கணும்னு பாதி முடிவாயிடும். மேல பாட்டு ஓடுற ஆப், அதுக்குக் கீழ விண்டோஸோட மிக்சர், அதுக்குக் கீழ ட்ரைவர் (விண்டோஸையும் சிப்பையும் பேச வெக்கற சாஃப்ட்வேர்), அப்புறம் மதர்போர்டுல இருக்கற ஆடியோ கோடெக் சிப் (டிஜிட்டல் டேட்டாவ சத்தமா மாத்தறது இதுதான், நிறைய மெஷின்ல அது ரியல்டெக்தான், ஏஎல்சின்னு ஆரம்பிக்கற ஒரு நம்பர் போட்டிருக்கும்), அதுலேந்து ஜாக், ஜாக்லேந்து ஒயர், கடைசியா காதுல மாட்டற கருவி. ஒவ்வொரு வழியும் இதுல ஏதோ ஒரு துண்டத்தான் சரி பண்ணும், இல்ல தாண்டிப் போகும். யூஎஸ்பி அடாப்டர் (யூஎஸ்பில சொருகற குட்டி சவுண்டு கார்டு) வாங்கினா ரியல்டெக் ட்ரைவர், கோடெக், ஜாக் மூணையும் ஒரே தாண்டா தாண்டிடறீங்க. ப்ளூடூத்தும் அப்படித்தான், கூடவே ஒயரையும் தாண்டிடுது. எச்டிஎம்ஐல எடுத்தா கிராபிக்ஸ் பக்கமா சுத்திப் போகுது. விண்டோஸ மறுபடி போட்டா மேல இருக்கற சாஃப்ட்வேர் பகுதி மட்டும்தான் புதுசாகும், உடஞ்ச ஜாக் உடஞ்ச ஜாக்காவே இருக்கும். அதனால காசோ நேரமோ செலவு பண்றதுக்கு முன்னாடி கோளாறு எந்தத் துண்டுலன்னு கண்டுபிடிக்கறதுதான் முதல் வேலை, அதுக்கு ரெண்டு சோதனை போதும்.

முதல் சோதனை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் ஆனா பாதிதான் பண்ணுவாங்க. உங்க ஹெட்போன வேற ஒரு மெஷின்லயோ டிவிலயோ சொருகிப் பாருங்க, அதோட நிறுத்தாம நல்லா வேலை செய்யற வேற ஹெட்போன் ஒண்ண உங்க கம்ப்யூட்டர்லயும் சொருகிப் பாருங்க. ரெண்டும் பண்ணாதான் பதில் கிடைக்கும். சொருகி வெச்சுட்டு பின் பக்கத்துல ஒயர லேசா வளைச்சு ஆட்டுங்க, ஒரு பக்கம் வந்து வந்து போச்சுன்னா வேற மெஷின்ல சொருகினாலும் அதே மாதிரி வந்து போகுதான்னு பாருங்க. அங்கயும் போச்சுன்னா ஒயர் உள்ள அறுந்திருக்கு, கம்ப்யூட்டர விட்டுடலாம். கேபிள் தனியா கழட்டற மாடலா இருந்தா கேபிள மட்டும் மாத்தினா முடிஞ்சது.

ரெண்டாவது சோதனைய நிறைய பேர் பண்றதே இல்ல, அதுதான் நிறைய சொல்லும். பாட்ட ஓட விட்டுட்டு விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேத்து அமுக்கி எம் எம் எஸ் ஒய் எஸ் புள்ளி சி பி எல்னு (mmsys.cpl) இங்கிலீஷ்ல டைப் பண்ணுங்க, பழைய சவுண்டு பேனல் தொறக்கும், அதுல ப்ளேபேக்ல ஒவ்வொரு டிவைஸ் பக்கத்துலயும் ஒரு மீட்டர் இருக்கும். பச்சைக் கோடு எந்த டிவைஸ் பக்கத்துல ஆடுதுன்னு பாருங்க. எதுலயுமே ஆடலன்னா சத்தம் ஆப்ப விட்டே வெளில வரல, இல்ல வால்யூம் மிக்சர்ல அந்த ஆப் மட்டும் மியூட்ல இருக்கு. ஆடுது ஆனா வேற டிவைஸ்ல ஆடுதுன்னா சத்தம் தப்பான எடத்துக்குப் போயிட்டிருக்கு. சரியான டிவைஸ்ல ஆடுது, வால்யூமும் ஏத்தியாச்சு, ஆனா காதுல ஒண்ணும் இல்லன்னா அப்பதான் கோடெக், ஜாக், ஒயர்னு கீழ எறங்கணும்.

தப்பான எடத்துக்குப் போறது எவ்வளவு சாதாரணம்னு சொன்னா நம்ப மாட்டீங்க. எச்டிஎம்ஐலயோ டிஸ்ப்ளேபோர்ட்லயோ மானிட்டர் மாட்டினீங்கன்னா அந்த ஒயர்லயே ஆடியோவும் போகும், விண்டோஸ் மானிட்டரையே டீஃபால்ட்டா எடுத்துக்கும், மானிட்டர்ல ஸ்பீக்கரே இல்லன்னாலும் அதுக்குக் கவல இல்ல. இதுல ட்ரைவர அழிச்சு என்ன ஆகப்போகுது. ப்ளூடூத் இயர்பட்ஸ் பையில கிடக்கும், ஆனா கனெக்ட்டாகி இருக்கும், சத்தம் பூரா பைக்குள்ள பாடிட்டிருக்கும். மீட்டிங் ஆப்பெல்லாம் விண்டோஸ் டீஃபால்ட்ட மதிக்காம தனக்குன்னு ஒரு ஸ்பீக்கர் வெச்சிருக்கும், அத அந்த ஆப்போட செட்டிங்ஸ்லதான் மாத்தணும். கால் வந்தா மத்த சத்தமெல்லாம் திடீர்னு கம்மியாகுதுன்னு சொல்றவங்க அதே சவுண்டு பேனல்ல கம்யூனிகேஷன்ஸ்னு ஒரு டேப் இருக்கும் அதப் பாருங்க, மத்த சத்தத்த 80 சதவீதம் கொறைக்கறதுதான் அங்க டீஃபால்ட்டா இருக்கும், ஒண்ணும் பண்ணாதேன்னு மாத்திட்டா போச்சு. ஒரு பக்கம் மட்டும் கேக்குதுன்னா பேலன்ஸ்ல இடது வலது ரெண்டும் ஒரே நம்பரான்னு பாருங்க. லினக்ஸா இருந்தா டெர்மினல்ல அல்சாமிக்சர்னு ஒரு வால்யூம் டூல் (alsamixer) தொறந்து ஏதாவது சேனலுக்கு அடியில எம்எம்னு இருக்கான்னு பாத்து எம் அமுக்கி மியூட்ட எடுங்க, ஆட்டோ மியூட்னு ஒரு ஐட்டம் இருந்தா அதையும் ஒரு தடவ அணைச்சுப் பாருங்க. இவ்வளவும் காசு இல்லாத வேலை, இத முடிக்காம அடுத்ததுக்குப் போகாதீங்க.

இப்ப ட்ரைவர். இதுல மூணு வழி இருக்கு, பழைய வெர்ஷனுக்குத் திரும்பறது, கம்ப்யூட்டர் கம்பெனி தர்ற ட்ரைவர போடறது, மைக்ரோசாஃப்ட்டோட பொது ட்ரைவர வெக்கறது. நேத்து வரைக்கும் நல்லா இருந்து அப்டேட்டுக்கு அப்புறம் கெட்டுச்சுன்னா யோசிக்காம டிவைஸ் மேனேஜர்ல (மெஷின்ல இருக்கற ஹார்டுவேரயெல்லாம் விண்டோஸ் பட்டியல் போடற எடம்) ரோல் பேக் பண்ணுங்க, அந்த பட்டன் மங்கலா இருந்தா பழைய ட்ரைவர் சேமிப்புல இல்லன்னு அர்த்தம், அப்ப லேப்டாப் கம்பெனியோட சொந்த சைட்ல உங்க மாடல் நம்பர் போட்டு எடுத்துப் போடணும். கோடெக் ஒண்ணா இருந்தாலும் எந்த ஜாக் எங்க இருக்கு, உள்ள இருக்கற ஸ்பீக்கருக்கு என்ன ட்யூனிங்னு ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனிக்காரன் தனியா செட் பண்ணியிருப்பான், அதனால கம்பெனி ட்ரைவர் போட்டா லேப்டாப் ஸ்பீக்கர் நல்லா இருக்கும், பொது ட்ரைவர் போட்டா அதே ஸ்பீக்கர் தகர டப்பா மாதிரி கேக்கலாம், மைக் சேந்த ஜாக்ல ஹெட்செட் மைக்க கண்டுபிடிக்காமலும் போகலாம். அப்புறம் பொது ட்ரைவர் எதுக்குன்னா அது சிம்பிள், எஃபெக்ட் கிஃபெக்ட் எதுவும் இல்ல, வெளி ஸ்பீக்கரோ சாதாரண ஹெட்போனோ மட்டும் போடறவங்களுக்கு அது போதும், தொல்லையும் கம்மி. சோதனை பண்றதுக்கும் நல்லது, பொது ட்ரைவர்ல சத்தம் சரியா வந்துச்சுன்னா ஹார்டுவேர் நல்லா இருக்குன்னு தெரிஞ்சு போகும். டிவைஸ் மேனேஜர்ல அது ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்னு பேரோட வரும், ரியல்டெக்னு வந்தா கம்பெனி ட்ரைவர் ஓடுது.

ட்ரைவர் அப்டேட்டர்னு சொல்லிட்டு வர்ற சாஃப்ட்வேர் பக்கம் மட்டும் போகாதீங்க, ஒண்ண சரி பண்றேன்னு நாலக் கெடுக்கும், அப்புறம் எத மாத்தினதால என்ன ஆச்சுன்னே தெரியாது.

கரகரப்புக்கும் படபடன்னு வெட்டி வெட்டி வர்றதுக்கும் ட்ரைவர்னாலே ஆடியோ ட்ரைவர்தான்னு நினைக்கறாங்க, பல தடவ அது குற்றவாளியே இல்ல. வைஃபை ட்ரைவரோ கிராபிக்ஸ் ட்ரைவரோ சிபியூவ ரொம்ப நேரம் பிடிச்சு வெச்சுக்கிட்டா ஆடியோவுக்கு நேரத்துக்கு டேட்டா போகாது, பஃபர் (அடுத்து பாட வேண்டிய டேட்டாவ சேத்து வெக்கற எடம்) காலியாகி டக்குன்னு ஒரு வெட்டு விழும். வைஃபைய அணைச்சுட்டு ஏற்கனவே டவுன்லோடு பண்ணி வெச்ச பாட்ட கேட்டுப் பாருங்க, கரகரப்பு நின்னுச்சுன்னா மாத்த வேண்டியது வைஃபை ட்ரைவர. லேட்டன்சிமான்னு (LatencyMon) ஒரு டூல் இருக்கு, எந்த ட்ரைவர் எவ்வளவு நேரம் பிடிக்குதுன்னு அது காட்டும். இந்த வகைக் கோளாறுக்கு யூஎஸ்பி அடாப்டர் வாங்கறது வீண், அதுலயும் அதே வெட்டு விழும், சில சமயம் கூடவே விழும். அதே மாதிரி ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ (சத்தத்துக்கு மெருகு போடற எஃபெக்ட்) அணைச்சுப் பாக்கறது, சாம்பிள் ரேட்ட (ஒரு செகண்டுக்கு சத்தத்துக்கு எத்தனை அளவுங்கற கணக்கு) 48 கிலோஹெர்ட்ஸ்ல வெச்சுப் பாக்கறது ரெண்டும் ஒரு நிமிஷ வேலை, பாத்துடுங்க.

விண்டோஸ மறுபடி போடறதப் பத்தி என் கருத்து கடுமையாதான் இருக்கும். சத்தத்துக்காக மட்டும் அதப் பண்ண வேண்டிய அவசியம் ரொம்ப அபூர்வம். அதுக்கு முன்னாடி ஒரு பென்டிரைவ்ல லினக்ஸ் போட்டு, இன்ஸ்டால் பண்ணாம லைவ்வா பூட் பண்ணி சத்தம் வருதான்னு பாருங்க, உங்க டிஸ்க்ல எதையும் தொடாது. அங்க சத்தம் வந்துச்சுன்னா கோடெக்கும் ஜாக்கும் உயிரோட இருக்கு, கோளாறு விண்டோஸ்லதான்னு நிச்சயம். அங்கயும் வரலன்னா மட்டும் அவசரப்பட்டு ஹார்டுவேர் போச்சுன்னு சொல்லிடாதீங்க, புது லேப்டாப் சிலதுல உள் ஸ்பீக்கருக்கு லினக்ஸ்ல இன்னும் சரியான சப்போர்ட் வந்திருக்காது. வந்தா அத நம்பலாம், வரலன்னா அத மட்டும் வெச்சு முடிவு பண்ணக்கூடாது.

ஜாக்குக்கு வருவோம், இங்கதான் வேடிக்கையெல்லாம் நடக்கும். பாட்டுல மியூசிக் கேக்குது, பாடுறவர் குரல் மட்டும் காணோம், இல்லன்னா கிணத்துக்குள்ளேந்து வர்ற மாதிரி இருக்குன்னு சொல்வாங்க. கேக்க பேய்க்கதை மாதிரி இருக்கும், காரணம் சாதாரணம். ஹெட்போன் பின்ல இடது, வலது, அப்புறம் ரெண்டுக்கும் பொதுவா ஒரு கிரவுண்டு (கரன்ட் திரும்பிப் போற வழி). அந்த கிரவுண்டு சரியா தொடலன்னா ரெண்டு ஸ்பீக்கரும் தொடர் இணைப்பா மாறி இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்த மட்டும் பாடும், குரல வழக்கமா நடுவுல, ரெண்டு பக்கமும் சமமா பதிவு பண்ணியிருப்பாங்க, அது கழிஞ்சு போயிடும். அப்ப பின் முழுசா உள்ள போகலன்னு அர்த்தம், இல்ல ஜாக்ல அழுக்கு சேந்திருக்கு, இல்ல நாலு துண்டு உள்ள (மைக்கும் சேந்த) பின்ன ஒத்து வராத ஜாக்ல போட்டிருக்கீங்க. நாலு துண்டுப் பின்லயே ரெண்டு ஜாதி இருக்கு, ஒண்ணு சிடிஐஏ இன்னொண்ணு ஓஎம்டிபி, மைக்கும் கிரவுண்டும் எடம் மாறி இருக்கும். இப்ப வர்றதெல்லாம் பெரும்பாலும் சிடிஐஏதான், பழைய ஹெட்செட்தான் மாட்டிக்கும். சோதிக்க சுலபமான வழி ஒண்ணு, ஒயர்ல இருக்கற மைக் பட்டன அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே கேளுங்க, குரல் திரும்பி வந்துச்சுன்னா இதேதான் கோளாறு, சின்னதா ஒரு கன்வெர்ட்டர் போதும், ஹெட்செட்டத் தூக்கிப் போட வேண்டாம்.

டெஸ்க்டாப்ல ஒரே பின் உள்ள ஹெட்செட்ட பச்சை ஜாக்ல போட்டுட்டு மைக் வேலை செய்யலன்னு சொல்றதும் அதிகம். பச்சை வெளில போறது, பிங்க் மைக், நீலம் லைன் இன், இந்தக் கலர் முறை 1990கள் கடைசில பிசி எப்படி இருக்கணும்னு வந்த பிசி 99 விதிலேந்து வருது. ஒரே பின்ன ரெண்டா பிரிக்கற ஒய் ஸ்ப்ளிட்டர் வேணும், வாங்கும்போது ஹெட்போன் படம் ஒரு முனைல மைக் படம் ஒரு முனைல இருக்கற ஸ்ப்ளிட்டரா பாத்து வாங்குங்க, ரெண்டு முனைலயும் ஹெட்போன் படம் இருக்கறது ரெண்டு பேர் சேந்து பாட்டு கேக்கறதுக்கு.

டெஸ்க்டாப்ல முன் ஜாக் வேலை செய்யலன்னா முதல்ல பின்னாடி ஜாக்ல போட்டுப் பாருங்க. பின்னாடி வேலை செஞ்சா முன்னாடி பேனல்லேந்து மதர்போர்டுக்குப் போற ஒயர் கழண்டிருக்கலாம், இல்ல பழைய கேபினெட்ல ஏசி97, எச்டி ஆடியோன்னு ரெண்டு கனெக்டர் தொங்கும், தப்பானத மாட்டியிருப்பாங்க. புதுசா எதுவும் வாங்க வேண்டாம். லேப்டாப்ல நேர்மாறா ஒரு கோளாறு உண்டு, ஹெட்போன எடுத்த பிறகும் உள் ஸ்பீக்கர் பேசாது, ஏன்னா ஜாக்குக்குள்ள இருக்கற குட்டி ஸ்விட்ச் ஒட்டிக்கிட்டு இன்னும் பின் உள்ளதான் இருக்குன்னு சொல்லிட்டிருக்கும். பின்ன பத்து தடவ சொருகி எடுங்க, காத்தடிங்க, மெஷின அணைச்சுட்டு ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கொஞ்சமா நனச்ச மெல்லிய பஞ்சால தொடச்சு காய விடுங்க, ஊக்கு ஊசி எதையும் உள்ள விடாதீங்க. பழைய மேக்புக் சிலதுல ஜாக்குக்குள்ளேந்து செகப்பு வெளிச்சம் வரும், அந்த ஜாக்லயே ஆப்டிகல் அவுட்டும் (சத்தத்த வெளிச்சமா அனுப்பற வழி) உண்டு, ஸ்விட்ச் ஒட்டிக்கிட்டா மேக் அத டிஜிட்டல் அவுட்னு நினைச்சுக்கிட்டு ஸ்பீக்கர அணைச்சுடும். அதுக்கும் இதே வைத்தியம்தான்.

இதுக்கும் மசியலன்னா ஜாக்க மாத்தறதா, விட்டுட்டு வேற வழில போறதா? லேப்டாப்ல ஜாக் தனி சின்ன போர்டுல இருந்தா மாத்தறது சுலபம், தாராளமா மாத்தலாம். மதர்போர்டுல நேரா சால்டர் பண்ணியிருந்தா நான் தொட மாட்டேன், வாரண்டில இருந்தா அவங்க பாத்துக்கட்டும், இல்லன்னா ஒரு யூஎஸ்பி அடாப்டர மாட்டிட்டு போயிட்டே இருக்கலாம்.

அந்த யூஎஸ்பி அடாப்டர்தான் இந்தப் பட்டியல்ல எனக்குப் பிடிச்சது, காரணம் அது மருந்தும் ஆகுது சோதனையும் ஆகுது. ஒரு முனைல யூஎஸ்பி, இன்னொரு முனைல ஜாக், உள்ள சொந்தமா ஒரு டிஏசி சிப் (டிஜிட்டல் டேட்டாவ சத்தமா மாத்தறது). யூஎஸ்பி ஆடியோ கிளாஸ்னு ஒரு பொது விதி 1998லேந்து இருக்கறதால பெரும்பாலும் தனியா ட்ரைவர் எதுவும் போட வேண்டாம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் சொருகினா பாடும், அந்த விதியோட ரெண்டாவது வெர்ஷனையும் விண்டோஸ் 10 2017லேந்து தானாவே புரிஞ்சுக்குது. சொருகின உடனே சத்தம் சுத்தமா வந்துச்சுன்னா கோளாறு உள்ள இருக்கற கோடெக், அதோட ட்ரைவர், ஜாக் இந்த மூணுக்குள்ளதான், அதுல எதுன்னு தேட வேண்டிய அவசியமே கூட இல்ல, அப்படியே விட்டுடலாம். மவுஸ் ஆட்டினா ஹெட்போன்ல கீய்ங்னு வர்ற சத்தத்துக்கும், பக்கத்துல ஓடுற கிராபிக்ஸ் கார்டு இரைச்சல் கோடெக்ல புகுந்திருந்தா, இதுவே நல்ல மருந்து.

ஒரு பொறி இருக்கு. டைப் சிலேந்து 3.5 மிமீ ஜாக் வர்ற அடாப்டர்னு விக்கறதுல ரெண்டு வகை, ஒண்ணுல உள்ள டிஏசி இருக்கும், இன்னொண்ணு வெறும் ஒயர், அந்த போர்ட்டே அனலாக் சத்தத்த அனுப்பும்னு நம்பி செஞ்சது. அந்த வெறும் ஒயர் வகை சில போன்ல மட்டும்தான் பாடும், லேப்டாப்ல பெரும்பாலும் மாட்டினா எதுவுமே நடக்காது, டிவைஸ் லிஸ்ட்ல கூட வராது. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். வாங்கறப்ப டிஏசி உள்ளதான்னு கேட்டு வாங்குங்க, இல்ல பேசாம டைப் ஏல (வழக்கமான பெரிய யூஎஸ்பி முனை) வர்றத எடுங்க.

குட்டி அடாப்டரா, ஆம்ப்ளிஃபயரும் சேந்த பெரிய டிஏசி ஆம்ப்பான்னு அடுத்த கேள்வி வரும். இயர்போனும் சாதாரண ஹெட்செட்டும் போடறவங்களுக்கு குட்டியே தாராளம். 250, 300 ஓம் ஹெட்போன் வெச்சிருக்கறவங்க சத்தம் பத்தலன்னு புலம்பினா அது கோளாறு இல்ல, அதுக்குத் தேவையான வோல்டேஜ் போர்டுல இருக்கற ஜாக்லேந்து வர்றதில்ல, அவங்களுக்கு ஆம்ப் உள்ள மாடல்தான் வேணும், குட்டி அடாப்டர் வாங்கினா இன்னும் கம்மியா கூட கேக்கலாம். ஸ்பீக்கர்லயும் இதே கதை உண்டு, கரன்ட் ப்ளக்கோ யூஎஸ்பி ஒயரோ இல்லாத பேசிவ் ஸ்பீக்கர கம்ப்யூட்டர் ஜாக்ல நேரா போட்டா கொசு பாடற மாதிரிதான் வரும், நடுவுல ஆம்ப்ளிஃபயர் இல்லாம அது எழுந்திருக்காது.

ப்ளூடூத்துக்கு வருவோம். பாட்டு கேக்க, படம் பாக்க மட்டும்னா நல்ல வழிதான், ஒயரும் இல்ல ஜாக்கும் இல்ல. மைக்கும் சேத்து வேணும்னாதான் வில்லங்கம். ஏ2டிபின்னு ஒரு முறைல ஸ்டீரியோ நல்லா வரும் ஆனா அதுல மைக் கிடையாது, மைக்க தொட்ட உடனே ஹேண்ட்ஸ் ஃப்ரீ முறைக்கு மாறிடும், அதுல சத்தம் மோனோ, சாம்பிள் ரேட்டும் 8 இல்ல 16 கிலோஹெர்ட்ஸ்தான், பழைய டெலிபோன்ல கேக்கற மாதிரி ஆகும். மீட்டிங் ஆரம்பிச்ச உடனே பாட்டு கெட்டுப் போச்சு, ஹெட்போன் ரிப்பேரான்னு கேக்கறவங்களுக்கெல்லாம் இதுதான் பதில். ஒரு ரூபா செலவில்லாம சமாளிக்கணும்னா மைக்கா லேப்டாப்போட சொந்த மைக்க தேர்ந்தெடுங்க, ஹெட்போன் ஸ்டீரியோலயே இருக்கும். கம்ப்யூட்டரும் ஹெட்செட்டும் ரெண்டுமே எல்இ ஆடியோன்னு வந்திருக்கற புது ப்ளூடூத் முறை தெரிஞ்ச சாமானா இருந்தா இந்தத் தொல்லை கொறையும்.

தாமதம் இன்னொரு விஷயம், எஸ்பிசி கோடெக்ல (இங்க கோடெக்னா சிப் இல்ல, ப்ளூடூத்ல சத்தத்த சுருக்கி அனுப்பற முறை) சத்தம் 0.1லேந்து 0.3 செகண்டு வரைக்கும் பின்தங்கலாம். படத்துல ப்ளேயர் அத ஈடு கட்டிடும், கேம்ல கட்டாது, கீபோர்டு வாசிச்சுப் பழகறவங்களுக்கும் கட்டாது. ப்ளூடூத் விட்டு விட்டு வருதுன்னா யூஎஸ்பி 3 போர்ட்டப் பாருங்க, அதுல ஓடுற டேட்டா 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கிளப்பும்னு இன்டெல்லே 2012ல எழுதியிருக்கு, ப்ளூடூத் ஓடறதும் அதே எடத்துலதான். ப்ளூடூத் டாங்கிள் (யூஎஸ்பில சொருகற குட்டி ரிசீவர்) பக்கத்துலயே எக்ஸ்டர்னல் டிஸ்க் சொருகியிருந்தா ரெண்டையும் பிரிச்சு வைங்க, இல்ல டாங்கிள ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர்ல வெளில இழுத்து வைங்க.

ஒயர் வேண்டாம், மைக் வேணும், தாமதமும் கூடாதுன்னா சொந்த டாங்கிளோட வர்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட்தான் சரி. விண்டோஸுக்கு அது ஒரு யூஎஸ்பி சவுண்டு கார்டு அவ்வளவுதான், மைக் ஓடும்போதும் சத்தம் கெடாது. டாங்கிள் தொலஞ்சா மட்டும் கதை முடிஞ்சது, நிறைய மாடல்ல டாங்கிள் தனியா கிடைக்காது.

கடைசியா ஸ்பீக்கர்ல வர்ற ம்ம்ம்னு ஹம், இதுலதான் அதிகமா காசு வீணாகுது. முதல்ல ஸ்பீக்கர் ஆன்ல இருக்கும்போதே ஆடியோ ஒயர கம்ப்யூட்டர் பக்கம் கழட்டுங்க, முனைல கை படாம தொங்க விடுங்க. ஹம் அப்படியே இருந்தா கோளாறு ஸ்பீக்கர்லயோ அதோட பவர் சப்ளைலயோ இருக்கு. நின்னுச்சுன்னா மறுபடி மாட்டிட்டு லேப்டாப் சார்ஜர கழட்டிப் பாருங்க, சார்ஜர் இல்லாதப்ப ஹம் இல்லன்னா அது கிரவுண்டு லூப், கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் ரெண்டு வழியா எர்த்தத் தொட்டுக்கிட்டு நடுவுல ஆடியோ ஒயர்ல கரன்ட் ஓடுது. இதுக்கு யூஎஸ்பி அடாப்டர் வாங்கி மாட்டிட்டு இன்னும் ஹம் போகலன்னு திட்டறாங்க, போகாது, யூஎஸ்பி ஒயர்லயும் அதே கிரவுண்டுதான் வருது. முதல்ல ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகிப் பாருங்க, பல தடவ அதுலயே அடங்கிடும். அடங்கலன்னா ஆடியோ ஒயர்ல கிரவுண்டு லூப் ஐசோலேட்டர் போடலாம், உள்ள சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர்தான், மட்டமானத வாங்கினா பேஸ் கொஞ்சம் குறையும். ரெண்டு பக்கமும் ஆப்டிகல் போர்ட் இருந்தா அதுதான் உத்தமம், வெளிச்சமா போற ஒயர்ல கரன்ட் ஓட வழியே இல்ல. ப்ளக்ல எர்த் பின்ன ஒடிச்சுட்டா ஹம் போயிடும்னு சொல்ற புத்திசாலிய நம்பாதீங்க, ஹம் போகும், கூடவே ஷாக் அடிக்காம காப்பாத்தற விஷயமும் போகும்.

மதர்போர்டு ஸ்லாட்ல உள்ள மாட்டற பிசிஐஇ சவுண்டு கார்டு பத்தி கேப்பீங்க. டெஸ்க்டாப்புக்கு மட்டும், நிறைய சேனல் அனலாக் ஸ்பீக்கர் செட்டு வெச்சிருந்தா வாங்கலாம், மத்தபடி அதே இரைச்சல் பிடிச்ச கேபினெட்டுக்குள்ளயே இன்னொரு கார்ட சொருகறதுக்கு வெளில இருக்கற யூஎஸ்பி மேல்.

யூஎஸ்பிக்கோ டாங்கிள் ஹெட்செட்டுக்கோ மாறினவங்களுக்கு அப்புறம் ஒரு தொல்லை வரும், சில அப்டேட்டுக்கு அப்புறம் விண்டோஸ் பழைய ரியல்டெக்கையோ மானிட்டரையோ மறுபடி டீஃபால்ட்டாக்கி வெக்கும். சவுண்டு பேனல்ல தேவையில்லாத டிவைஸ் மேல ரைட் கிளிக் பண்ணி டிசேபிள் பண்ணிடுங்க. டெஸ்க்டாப்னா பயோஸ்லயே (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி தொறக்கற மதர்போர்டு செட்டிங்ஸ்) ஆன்போர்டு ஆடியோவ அணைச்சுடலாம். லேப்டாப்ல பயோஸ்ல கை வெக்காதீங்க, உள் ஸ்பீக்கரும் உள் மைக்கும் அதே கோடெக்லதான் தொங்கிட்டிருக்கும், ஹெட்செட்ல சார்ஜ் இல்லாத அன்னிக்கு மீட்டிங்ல பேச ஒண்ணும் இருக்காது.